இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளி வைத்தது நானே

அனுப்புநர்:
தி. சண்முகப்ரியா (வயது 15),
பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு,
தாயார் நாச்சியம்மாள் பொறுப்பில்,
மார்க்கெட் ரோடு, மதுக்கரை,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாண்புமிகு நீதிபதி அவர்கள்,
குடும்ப நல நீதிமன்றம்,
கோயம்புத்தூர்.

பொருள்: என் தம்பி கதிரேசன் (வயது 7) யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் 25.11.1996 திங்களன்று தாக்கலாக இருக்கும் சமரச மனுவை ஏற்க வேண்டாம் எனவும், அந்தச் சமரசத்துக்கு அடிப்படையான சாமி உத்தரவு சாமி போட்டதல்ல, நான் போட்டது எனவும் தெரிவித்துக்கொள்வது தொடர்பாக.

பார்வை: மூல மனு எண் 214/1995. திருமூர்த்தி (என் அப்பா) எதிர் நாச்சியம்மாள் (என் அம்மா).

இணைப்பு: வாழைநார் கட்டிய காகிதப் பொட்டலம் ஒன்று. (தயவுசெய்து கடைசிக் கோரிக்கையைப் படிக்கும் வரை பிரிக்க வேண்டாம்.)

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் தமிழ் இரண்டாம் தாளில் கடிதம் எழுதுதலுக்குப் பத்து மதிப்பெண். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றெல்லாம் எழுதிப் பழகியிருக்கிறேன். தம்பியைப் பிரிக்க வேண்டாம் என்று எழுத நோட்ஸில் மாதிரிக் கடிதம் இல்லை. ஆகையால் தவறு இருந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். தம்பியைக் குறைத்துவிடாதீர்கள்.

1. நான் மைனர். மேற்படி வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. இரண்டு தரப்புக் காகிதங்களிலும் எனக்கு ‘மூத்த குழந்தை’ என்று பெயர். பதினைந்து வயதில் குழந்தை என்று எழுதியதற்கு வேறு சமயமாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இப்போது பிடிக்கவில்லை. குழந்தை செய்த குற்றத்துக்குத் தண்டனை குறைவு என்று கேள்விப்பட்டேன்.

2. முதலில், இந்த நீதிமன்றத்துக்கு எதிராக நான் செய்த ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற வருடம் எங்கள் வீட்டுக்குச் சம்மன் கொண்டுவந்த அமீனா திரு. வரதராஜுலு அவர்களுக்குக் காப்பி கொடுக்கும்படி அம்மா சொன்னார். சர்க்கரைக்குப் பதில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். சம்மனுக்கு என்னால் முடிந்த பதில் மனு அதுதான். அவர் முகம் கோணாமல் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “காப்பி ஜோருங்க அம்மணி” என்று சொல்லி, வாசலில் நின்று ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்று விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் பக்கத்து மனிதர்கள் மரியாதைக்காக உப்பையும் விழுங்குவார்கள் என்பது அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்திருந்தால் பத்தி 9-இல் நடந்தது நடந்திருக்காது.

3. இரண்டாவது குற்றம். சென்ற ஆகஸ்ட் மாதம் தங்கள் நீதிமன்ற ஆலோசகர் அம்மையார் தம்பியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்கு முந்தின நாள், என்ன கேட்டாலும் “அக்காவக் கேட்டுச் சொல்றேங்க” என்று சொல்லும்படி அவனுக்கு நான் பயிற்சி கொடுத்திருந்தேன். விளையாட்டுக்குத்தான். அவன் பெயர் என்ன என்று கேட்டதற்கும் அதையே சொன்னானாம். ‘சிறுவன் சுயமாகக் கருத்துக் கூறும் நிலையில் இல்லை’ என்று அறிக்கையில் எழுதியிருப்பதாக அம்மாவின் வக்கீல் சிக்கந்தர் சார் வாசித்துக் காட்டினார். அவன் கருத்துக் கூறும் நிலையில்தான் இருக்கிறான். நான்தான் அதைக் கெடுத்தேன். அந்த அறிக்கை சரியாக இருந்திருந்தால் யாரும் கோயிலுக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

4. அப்பாவும் அம்மாவும் ஏன் பிரிந்தார்கள் என்பது மூல மனுவில் பதினொரு பக்கம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இரண்டு வரி. பொள்ளாச்சியில் அப்பாவுக்குக் கொப்பரைக் களமே வீடு. அம்மாவுக்கு வீடே போர்க்களம். இப்போது அம்மா மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். நாங்கள் இருவரும் அம்மாவிடம் இருக்கிறோம். தங்கள் இடைக்கால உத்தரவுப்படி மாதம் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நானும் தம்பியும் உக்கடம் வந்து பொள்ளாச்சி பஸ் ஏறி அப்பாவிடம் போகிறோம். ஞாயிறு மாலை திரும்புகிறோம். எனக்கு முழு டிக்கெட், அவனுக்கு அரை. அந்த பஸ் கண்டக்டர் எங்கள் பெயரைக் கேட்டதே இல்லை. படியேறும்போதே “ஒண்ணரை வந்தாச்சு, ரைட்!” என்பார். ஜன்னல் சீட்டுக்கு நாங்கள் போடும் சண்டையில் கிணத்துக்கடவு வந்துவிடும்.

5. வழக்கு இரண்டு வருடமாக வாய்தாவில் ஓடியது. ‘வாய் தா’ என்று பெயர் வைத்துவிட்டு, அங்கே யாரும் எங்கள் வாயைக் கேட்டதில்லை. (தங்களைச் சொல்லவில்லை.) தீபாவளி கழிந்ததும் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா காளிச்சாமி ஒரு வழி சொன்னார். “கோர்ட்டுல கேட்டு ஆவறதில்ல. குலதெய்வத்துகிட்டப் பூக் கேட்டுப்போடலாம். சாமி சொன்னா ரெண்டு பேருக்கும் மேல்முறையீடு இல்ல பாருங்க” என்றார். அப்பா உடனே சரி என்றார். அம்மா அதைவிட உடனே சரி என்றார். இரண்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

6. பூக் கேட்பது தங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் கருப்பராயன் கோயிலில் நடக்கும் முறையை மட்டும் எழுதுகிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. வெளியே பார்த்தால் தெரியாமல் கட்டி, முடிச்சின் மேல் பூசாரி சந்தனம் வைத்துக் கட்டை விரலால் அழுத்துவார். சாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அறியாத பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு. சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சாமி சொல்லாததை மனிதர் தெரிந்துகொள்ளக் கூடாதாம். அதை அப்படியே கோயில் கிணற்றில் விட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி வழக்கத்தை நம்பித்தான் நான் துணிந்தேன்.

7. 17.11.1996 ஞாயிறு காலை போனோம். என்ன கேட்பது என்பது பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பையன் அப்பங்கூடப் போலாமான்னு கேப்போம். வெள்ளை வந்தா போவட்டும். செவப்பு வந்தா நம்மகூடவே இருக்கட்டும்.” கோயிலில் பூசாரி கண்ணையா என்னைப் பார்த்து, “நீயே கட்டு அம்மணி. உனக்குத்தான் ரெண்டு பக்கமும் ஒண்ணு” என்று பூக்கூடையைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் எனக்கு ஒன்றுதான். ஆனால் தம்பி எந்தப் பக்கம் என்பது எனக்கு ஒன்றல்ல.

8. நான் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை வைத்தேன். எடுத்த வெள்ளைப் பூவைத் தலையில் செருகிக்கொண்டேன். எல்லோர் முன்னாலும்தான் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மதுக்கரையில் என்னை ‘காதுல பூச் சுத்தற புள்ளை’ என்பார்கள். சாமி காதில் சுற்றியது அதுவே முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான்.

9. இனிமேல் எழுதுவதுதான் முக்கியம். அப்பா பொள்ளாச்சியிலிருந்து மொபெட்டில் வந்து சேர்ந்தார். பூசாரி மணியடித்து, கேள்வியைச் சொல்லச் சொன்னார். அப்பா அம்மாவை நேரே பார்க்காமல் மாமாவிடம், “மச்சா, பெத்தவ நிக்கறப்ப என்ற பேரச் சொல்லி மொதல்ல கேக்கறது நல்லால்லீங்க. அவ பேருக்கே கேளுங்க” என்றார். அம்மா தூணைப் பார்த்துக்கொண்டு, “அதெல்லாம் வேண்டாமுங்க. அவிய பேருக்கே கேக்கட்டும்” என்றார். “இல்லீங்க, தாயிக்குத்தான்.” “இல்லீங்க, அவியளுக்குத்தான்.” ஐயா, இரண்டு வருடமாகக் கோர்ட்டில் விட்டுக்கொடுக்காத இருவர், அன்று கற்பூரம் அணையும் வரை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். “மொதல்ல பேசுன மாதிரியே கேளுங்க மாமா” என்று குறுக்கே விழுந்தேன். “பெரியவிய பேசறப்ப நடுவுல வராத அம்மணி. உன்ற வாய இங்கயாச்சும் கட்டி வெய்யி” என்றார் மாமா. பிறகு அவரே முடிவு கட்டினார்: “சாமீ, பையன் அவுங்கம்மாகூட இருக்கலாமா?”

10. தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான். சிவப்பு. அம்மாவுடன் இருக்க உத்தரவு இல்லை.

11. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. சாமி முன்னால் நட்டு வைத்திருந்த அருவாளையும் அம்மாவின் முகத்தையும் பார்த்தேன். இரண்டில் எது அதிக பயமாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அம்மா அழவில்லை. திருநீறு பூசிக்கொண்டு, “சாமி சொல்லிருச்சு” என்று மட்டும் சொன்னார். அப்பாவும் சந்தோஷப்படவில்லை. போகும்போது என் தலையைத் தொட்டு, “உனக்கும் சேத்திக் கேக்காமப் போயிட்டமே கண்ணு” என்றார். அவர் கை அந்த வெள்ளைப் பூவின் மேல்தான் இருந்தது.

12. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். “தம்பி போறானேன்னு புதுசாக் கதை கட்டற” என்றார். கிணற்றில் விடாமல் கொண்டுவந்திருந்த மற்றப் பொட்டலத்தைக் காட்டினேன். “எடுக்காத பூவப் பிரிக்கறதாவது! கன்னத்துல போட்டுக்கோ” என்று கையைத் தட்டிவிட்டார். மாமாவுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். “போன வருசம் நீ செத்துப்போயிட்டீன்னு எனக்கு போன் பண்ணுனவதானே” என்று வைத்துவிட்டார். (அதுவும் உண்மை. ஏப்ரல் முதல் தேதி, குரலை மாற்றிப் பேசினேன்.) அப்பாவிடமும் போனில் சொன்னேன். “அம்மா சொல்லச் சொன்னாளா கண்ணு?” என்று கேட்டார். ஆகவே ஐயா, இந்த ஜில்லாவில் நான் இன்னும் ஏமாற்றாத பெரிய மனிதர் தாங்கள் ஒருவர்தான். அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

13. மறுநாள் திங்கட்கிழமையே இரண்டு தரப்பும் சமரச மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். டைப் அடித்த நகல் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது ஷரத்தைத் தாங்கள் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும். ‘மாதந்தோறும் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு உக்கடம் பஸ் நிலையத்தில் மகனைத் தாயிடமும் மகளைத் தந்தையிடமும் ஒப்படைத்து, அன்று மாலை ஆறு மணிக்கு அவ்விடமே திரும்பப் பெற்றுக்கொள்வது.’ அம்மாவுக்கு மகன் வருகிறான். அப்பாவுக்கு மகள் வருகிறாள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. அவன் மதுக்கரைக்கு வரும் நாளில் நான் பொள்ளாச்சியில் இருப்பேன் என்பதை அப்பா, அம்மா, இரண்டு வக்கீல்கள் என நான்கு பெரியவர்களும் கவனிக்கவில்லை. நானும் அவனும் பார்த்துக்கொள்வது பஸ் நிலையத்தில் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். அதுவும் பஸ் தாமதமாக வந்தால்தான். சிக்கந்தர் சாரிடம் இதைக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, “அட ஆமா பாப்பா” என்றார். “ஆனா ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. மாத்தோணும்னா ஜட்ஜய்யாதான் மாத்தோணும்” என்றார். பெற்றோர் சம்மதித்தாலும் குழந்தைக்கு எது நல்லது என்று நீதிபதி தனியே பார்ப்பார் என்றும் அவரே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று நாளாக இதை எழுதுகிறேன்.

14. இணைப்பில் உள்ளது எடுக்கப்படாத அந்த இரண்டாவது பொட்டலம். பூசாரி அதைக் கிணற்றில் விடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். கிணற்று மேடு வரை போனேன். விட முடியவில்லை. தாவணி முந்தியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். நான் அதைப் பிரிக்கவில்லை. முடிச்சின் மேல் சந்தனமும் அதில் பூசாரியின் கட்டை விரல் ரேகையும் காய்ந்தபடி அப்படியே இருக்கின்றன. கட்டிய பிறகு நான் மாற்றவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. கண்ணையா பூசாரியை அழைத்தும் கேட்கலாம். ஒரே கவலை: அரளி வாடிக்கொண்டிருக்கிறது. நாளானால் சிவப்பும் கறுக்கும், வெள்ளையும் பழுக்கும். அப்புறம் எந்தப் பூ எந்த நிறம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போய்விடும். தினமும் காலையில் எழுந்து முதலில் அதை முகர்ந்து பார்க்கிறேன், அழுகல் வாசம் வருகிறதா என்று.

15. இன்னொன்றையும் எழுத வேண்டும். இதை எழுதத்தான் மற்றதெல்லாம் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தம்பி என்னோடு ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை. நேற்று பள்ளிக்கூடத்து பஸ்ஸில் அவனாகவே, “நீ உக்காருக்கா” என்று எழுந்துகொண்டான். இறங்கி நடக்கும்போது கேட்டான்: “நான் அந்தப் பக்கத்துப் பொட்டலத்த எடுத்திருந்தா அம்மாகூடவே இருந்திருப்பேனாக்கா?” இரண்டிலும் சிவப்புத்தான் தங்கம், அக்காதான் வைத்தேன் என்றேன். சிரித்தான். “நீ சும்மா வெளையாடற” என்றான். ஐயா, அவன் வயது ஏழு. தன் கை தப்பான பொட்டலத்தை எடுத்ததால்தான் வீட்டை விட்டுப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அம்மா அவன் சட்டைகளை மடித்து வைத்த பையில், நான் பார்க்காத நேரம் என் ஜியாமெட்ரி பாக்ஸையும் எடுத்து வைத்திருக்கிறான். அதை நான் திரும்ப எடுக்கவில்லை.

16. அப்பா மேல் எனக்குப் புகார் இல்லை. அவர் தம்பிக்காகச் சின்ன சைக்கிள் ஒன்று வாங்கிக் களத்து ஓரத்தில் கோணிப்பை போர்த்தி வைத்திருக்கிறார். கொப்பரை காயப்போட்ட களத்தில் அவன் ஓட்டினால் திட்டமாட்டார். அம்மா மேலும் புகார் இல்லை. இந்த மனுவில் புகார் ஒருத்தி மேல் மட்டும்தான். அவளே மனுதாரர். புகாரையும் சாட்சியையும் குற்றவாளியையும் ஒரே ஆளாக அனுப்பித் தங்கள் வேலையைக் குறைத்திருக்கிறேன்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) 25.11.1996 அன்று சமரச மனுவை உடனே ஏற்றுவிடாமல், அதற்கு முன் தம்பியையும் என்னையும் தங்கள் அறைக்கு அழைக்க வேண்டும். அவனிடம் பேசும்போது நான் வெளியே நிற்கிறேன், கதவுக்கு மிகவும் தள்ளி. “அக்காவக் கேட்டுச் சொல்றேன்” என்று இனிச் சொல்லக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன். இருந்தும் சொன்னால், தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள். அவன் மெதுவாகத்தான் சொல்வான்.

(ஆ) யாரிடம் அவன் வளர வேண்டும் என்பதைத் தாங்கள் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். அது அப்பாவாகவே இருந்தாலும் எதிர்த்து உப்புப் போடமாட்டேன். ஆனால் பூவை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அந்தப் பூவுக்கு ஒன்றும் தெரியாது.

(இ) முடிவு எதுவானாலும் எங்கள் இருவருக்கும் ஒரே உத்தரவு வேண்டும். அம்மாவிடம் என்றால் இருவரும் அம்மாவிடம், அப்பாவிடம் என்றால் இருவரும் அப்பாவிடம். மற்றவரைப் பார்க்கப் போகும் நாளிலும் இருவரும் ஒரே பஸ்ஸில். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக என்னை மட்டும் நிறுத்திவைக்க வேண்டாம். நான் எங்கே இருந்தாலும் கணக்கில் அதே மதிப்பெண்தான் வாங்குவேன்.

(ஈ) மூன்றாவது ஷரத்தை மட்டுமாவது மாற்ற வேண்டும். மேலே எழுதியவற்றை நம்ப முடியாவிட்டாலும், இதற்கு என்னை நம்பத் தேவையில்லை. காலண்டரைப் பார்த்தாலே போதும்.

(உ) எனக்கு என்ன தண்டனை உண்டோ அதை எனக்கு மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். தம்பியைப் பிரிப்பதும் தண்டனைதானே என்று அதிலேயே சேர்த்துவிட வேண்டாம்.

(ஊ) கடைசியாக, அந்தப் பொட்டலத்தைத் தாங்களே, தம்பியின் கண் முன்னால் பிரித்துக் காட்ட வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறான். நீதிபதி காட்டினால் நம்புவான். எந்தப் பக்கம் கை நீட்டியிருந்தாலும் அவனுக்குச் சிவப்புத்தான் கிடைத்திருக்கும் என்று அவன் தெரிந்துகொண்டால், வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவன் கையை அவனே வெறுக்கமாட்டான்.

தபாலில் அனுப்பினால் பொட்டலம் நசுங்கிவிடும் என்று, நாளை பள்ளி விட்டதும் நீதிமன்றத்துக்கு வந்து அமீனா வரதராஜுலு அவர்களிடமே இதைக் கொடுக்கப்போகிறேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டால் வாங்கமாட்டார் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் வாங்கிக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். உப்புக் காப்பியையே வாங்கிக் குடித்தவர்.

இடம்: மதுக்கரை
நாள்: 21.11.1996

தங்கள் கதவுக்கு வெளியே காத்திருக்கும்,
ஒன்றரையில் ஒன்று,
தி. சண்முகப்ரியா